யாரும் வாங்காத நாலணா

என் மேஜை மேல் ஒரு நாலணாக் காசு இருக்கிறது. என்னுடையது அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோழவந்தான் ஸ்டேஷனில், வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், ஒரு பெண் ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தது. எங்கேயாவது கட்டிவிடச் சொன்னாள். நானும் கட்டத்தான் பார்க்கிறேன். வாங்குவதற்கு ஆள் இல்லை.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் என் வீட்டு மூட்டைப்பூச்சியையும் எதிர்வீட்டுக்காரரின் ஹார்மோனியத்தையும் பற்றி எழுதி உங்கள் பொழுதைப் போக்குவேன். இந்த வாரம் அதற்கு மனசு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். சாதாரணக் கோபம் இல்லை — முந்தாநாள் என் சம்சாரம் உப்பே போடாத ரசத்தை ஊற்றினாள். வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். அவளே பயந்துபோய்விட்டாள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மாமனார் ஊர் சோழவந்தானுக்குப் பக்கத்தில், வைகைக் கரையில் இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த தீபாவளிக்கு அங்கே எனக்கு வேட்டி கிடைக்காது. வெற்றிலைக் கொடிக்கால்கள் நிறைந்த ஊர். கொடி, அகத்தி, தென்னை, வாழை என்று கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவில் மூன்று தெரு. மேலத்தெருவில் ஓட்டு வீடுகள். நடுத்தெருவில் பாதி ஓடு, பாதி கூரை. கீழத்தெருவில் முழுக்க முழுக்கத் தென்னங்கிடுகு. சித்திரை வெயிலில் அதைத் தொட்டாலே நொறுங்கும். ஏதாவது ஓர் அடுப்பிலிருந்து பொறி பறந்தால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கீழத்தெருவில் பஞ்சவர்ணம் இருக்கிறாள். என் மாமனாரின் கொடிக்காலில்தான் கூலி வேலை. புருஷன் மாயாண்டி தென்னை ஏறுகிறவன். சில வருஷங்களுக்கு முன் மரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து கூரைக்குக் கீழே பாயில் கிடக்கிறான்.

அந்தப் பாயை நீங்கள் பார்க்க வேண்டும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கயிற்றை வளையமாகக் கோத்துத் தைத்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். நெருப்பு வந்தால், அவள் இல்லாத நேரமாக இருந்தாலும், யாராவது பிடித்து இழுக்கலாம் அல்லவா? கொடிக்காலிலும் தெருவைப் பார்த்த ஓரத்திலேயே வேலை கேட்டு வாங்கிக்கொள்வாள். நிமிர்ந்தால் தன் கூரை தெரிய வேண்டும். வெயில் காலம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. ஓட முடியாத ஒருவன் ஓலைக்குக் கீழே படுத்திருக்கிறான்.

இனி என் மச்சினன் ராமசாமி. ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்குப் பிரஸிடெண்டு. சின்ன வயசு. ஏதாவது காரியம் செய்துவிட வேண்டும் என்று துடிக்கிறவன் — பிரஸிடெண்டுகளுக்கு வரக்கூடாத வியாதி அது. மதுரையில் ஒரு கம்பெனியைப் பிடித்து, ஒரு நெருப்புப் பம்பை, வாங்குமுன் சோதித்துப் பார்ப்பதற்கென்று, ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். பழைய சாமான்தான். மாடு இழுக்கிற வண்டி மேல் பித்தளை உருளை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஏற்றி இறக்க நீளமான கைப்பிடி. தண்ணீருக்குள் இறக்க ஒரு குழாய், பீய்ச்சி அடிக்க ஒரு குழாய்.

மதுரைக்குள் என்றால் நெருப்பு எஞ்சின் மணியடித்துக்கொண்டு வரும். சோழவந்தானுக்கு ஓடிப்போய்த் தந்தி கொடுத்து, மதுரையிலிருந்து அது ஊருக்கு வந்து சேர்வதற்குள் சாம்பலே ஆறிவிடும். ஆகவே ராமசாமியின் திட்டம் இது: வீட்டுக்கு வருஷம் நாலணா வரி. அந்தப் பணத்தில் பம்பை வாங்கி, கொட்டகை போட்டு, எரிகிற கூரையைப் பிடுங்கிப்போடக் கொக்கிக் கம்புகள் செய்து வைத்து, இரண்டு பேரைப் பழக்கிச் சம்பளம் கொடுப்பது. ஓட்டு வீடோ ஓலை வீடோ, மேலத்தெருவோ கீழத்தெருவோ, எல்லா வீட்டுக்கும் ஒரே நாலணா. எந்த வீட்டில் நெருப்பு பிடித்தாலும் பம்பு போகும்.

இதைவிட நியாயமான ஒரு வரியை நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள்?

பங்குனியில் சாவடியில் கூட்டம் போட்டார்கள். பத்திரிகையில் எழுதுகிற ஆள் பேசினால் எடுபடும் என்று ராமசாமி என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பேசினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஓட்டு வீட்டுக்காரர் ஒருவர், தன் வீடு எரியாதே, தான் ஏன் கொடுக்க வேண்டும் என்றார். கொடிக்கால்காரர் ஒருவர், தன் தோட்டத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, நெருப்புக்கே அங்கே ஜலதோஷம் பிடித்துவிடும் என்றார். இன்னொருவர், நெருப்புக்கென்று காசு எடுத்து வைத்தால் அதுவே நெருப்பை வா வா என்று கூப்பிட்டது போல ஆகிவிடும் என்றார். வேறொருவர், கூரை வீட்டு ஏழையிடமும் நாலணா பிடுங்குவதா என்று உருகினார். கடைசியாக ஒரு புத்திசாலி எழுந்தார். நெருப்பே வராத வருஷத்தில் நாலணாவைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டார். கைதட்டல். திருடன் வராத வருஷத்தில் கதவைக் கழற்றி விற்றுவிடுவீர்களா என்று நான் கேட்டேன். யாரும் கைதட்டவில்லை.

அப்போதுதான் அம்பலம் தொண்டையைக் கனைத்தார். ஊருக்குப் பெரியவர் அவர். கோயிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். அவர் தலை எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கம் ஊரே அசையும்.

"வரி கெடக்கட்டும் தம்பி. இந்தக் குழாய் எதுல செஞ்சது?"

பம்போடு வந்திருந்த கம்பெனி ஆள் பெருமையாகப் பதில் சொன்னான். முதல் தரமான எருமைத்தோல், லேசில் கிழியாது என்று அவன் குழாயைத் தட்டிக் காட்டினான். பாவம், தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டான்.

"அதையவா கோயில் ஊரணியில முக்கப் போறீக?" என்றார் அம்பலம்.

அவ்வளவுதான். வரியைப் பற்றிய பேச்சே நின்றுபோய்விட்டது. எருமைத்தோல் கோயில் ஊரணியில் படலாமா கூடாதா — அதுதான் விவகாரம். ஊரில் அந்த வெயிலிலும் குழாயை முக்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கிற இடம் அது ஒன்றுதான். ஆறு? சித்திரை வைகையில் கால் நனைப்பதற்கே மணலைத் தோண்ட வேண்டும். கடைசியில் சாமியிடமே பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சந்நிதியில் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. எப்போது கேட்பது? அழகர் ஆற்றில் இறங்கின பிறகு, நிதானமாக. அதுவரைக்கும் பம்பு சாவடியில் இருக்கும். குழாய் தண்ணீரில் படக்கூடாது.

வெளியே வந்தேன். பஞ்சவர்ணம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். வரி போட்டாகளா என்று கேட்டாள். இல்லை என்றேன். முகம் விழுந்துவிட்டது.

வரி போடவில்லை என்று வருத்தப்பட்ட மனுஷியை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன்.

சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று விடியற்காலையில் நானும் ஜனத்தோடு ஜனமாக மதுரையில் வைகை மணலில் நின்றேன். என் மாமனார் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இந்த வருஷம் நேர்ந்துகொண்டு வந்திருந்தார்கள். சலங்கையும் கச்சையும் கட்டிக்கொண்டு, தோளில் துருத்தியோடு, அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். மதுரைக்காரர்களுக்கு அந்தத் துருத்தியை நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — அது ஆட்டுத்தோல் பை. முழு ஆட்டின் தோல். வாயில் ஒரு சின்னப் பித்தளைக் குழாய். பையை அமுக்கினால் தண்ணீர் சீறிக்கொண்டு போய்ச் சாமி மேலேயே விழும். வெயிலில் வருகிற அழகருக்கு அது குளிர்ச்சி. லட்சம் ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அன்று மத்தியானம் ராமசாமி வீட்டில் எனக்கு விருந்து. அந்தப் பிள்ளைகளோடேயே ரயில் ஏறினேன். சோழவந்தானில் இறங்கி, வரப்பு வழியாகப் பேசிக்கொண்டே நடந்தோம். தென்னந்தோப்பு திரும்பியதும் புகை தெரிந்தது.

கீழத்தெரு.

ஓடினோம். ஊருக்குள் நுழைகிற வழியில் முதலில் ஊரணிதான். கரையில் பம்பு நிற்கிறது. ராமசாமி சாவடியிலிருந்து அதை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறான். கைப்பிடியின் இரண்டு பக்கமும் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். எருமைத்தோல் குழாய் கரையில் சுருண்டு கிடக்கிறது, காய்ந்தபடி. படித்துறையில் பூசாரி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அம்பலம். பூசாரியின் கையில் இலை.

பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. தெரு எரிகிறது. புகை ஊரணிக்கு மேலேயே வருகிறது. வெள்ளை அரளி கிடைத்துவிட்டது, செவ்வரளிக்கு ஆள் போயிருக்கிறது என்று எனக்கு ஒருவர் விவரம் சொன்னார். ராமசாமி அம்பலத்தின் காலில் விழாத குறையாக நிற்கிறான். உத்தரவு இல்லாமல் தோலை முக்கினால் ஊருக்கே ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். கைப்பிடியில் நின்ற ஆட்கள் பம்பையும் பார்க்கிறார்கள், அம்பலத்தையும் பார்க்கிறார்கள். கீழத்தெரு ஜனங்கள் ஊரணியில் இறங்கக் கூடாது. அது ஊர் வழக்கம். அவர்கள் தங்கள் கிணற்றில், அடிமணல் தெரிகிற கிணற்றில், குடத்தை விட்டுக் கலங்கலாக மொண்டுகொண்டிருந்தார்கள்.

என்னோடு வந்த பிள்ளைகள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சலங்கைக் காலோடு படியில் இறங்கினார்கள். துருத்திகளை ஊரணிக்குள் அமுக்கினார்கள் — தோல் பை, முழுசாக, முடியோடு — களகளவென்று நிரப்பிக்கொண்டு ஓடினார்கள். பூசாரி ஒன்றும் சொல்லவில்லை. அம்பலம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

துருத்தித் தண்ணீர் விரல் பருமன்தான் வரும். அதனால் கூரையை அணைக்க முடியாது. பஞ்சவர்ணம் கொடிக்காலிலிருந்து எங்களுக்கு முன்னாலேயே ஓடி வந்துவிட்டாள். கூரையின் பின்பக்கம் பிடித்துவிட்டிருந்தது. அவள் உள்ளே போனாள். பிள்ளைகள் வாசற்படியையும் நிலையையும் அவள் முதுகையும் நனைத்துக்கொண்டே இருந்தார்கள். புகைக்குள்ளிருந்து பாயின் கயிற்று வளையம் மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்தோம். நானும் இழுத்தேன். மாயாண்டியும் பின்னாலேயே அவளும் வெளியே வந்து சேர்ந்ததும் கூரை உள்ளே விழுந்தது.

மாயாண்டி உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தான். இருமல் ஓய்ந்ததும், துருத்தி வைத்திருந்த பையனைப் பார்த்துச் சொன்னான்: "அழகரு மேல பட்ட தண்ணி... எம்மேலயும் பட்டுருச்சுய்யா."

அந்தத் தெருவில் பாதிக்கு மேல் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. திரும்பி ஊரணிக்கு வந்தேன். எல்லோரும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். வெள்ளைப் பூ வந்துவிட்டதாம். சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாம். குழாயைத் தண்ணீரில் இறக்கி, பீய்ச்சுகிற குழாயைத் தெருமுனைக்கு இழுத்து, ஏற்றி இறக்கி அடித்தார்கள். பம்பு பிரமாதமாக வேலை செய்தது. சாம்பல் ஒரு பொட்டு விடாமல் நனைந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெரியவர் என்றும் பார்க்காமல் அம்பலத்திடம் கேட்டேன். ஆட்டுத்தோல் உங்கள் கண் முன்னால் முங்கி எழுந்ததே, அது மட்டும் தோல் இல்லையா? ஆடு என்ன, துளசி தின்று மோட்சத்துக்குப் போன பிராணியா? சாமி மேலேயே படுகிற தோல் ஊரணியில் பட்டால் ஆகும், ஒரு மனுஷனை நெருப்பிலிருந்து இழுக்கிற தோல் பட்டால் ஆகாதா?

அவர் கோபிக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளைக்கு விவரம் போதாது என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: "அது நேர்த்திக்கடன் மாப்பிள்ளை. சாமி சாமான். இது கம்பெனிச் சாமான்ல."

இந்தப் பதிலை என் மச்சினன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மூளை அங்கேதான் வேலை செய்ய ஆரம்பித்தது.

நாலைந்து நாள் கழித்து மறுபடியும் சாவடியில் கூட்டம். நானும் போயிருந்தேன். பட்ட பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். வரவில்லை. பம்புதான் நல்லா இருக்கே, சாமியும் உத்தரவு கொடுத்தாச்சே, பிறகு வரி எதற்கு என்று கேட்டார்கள். கம்பெனிக்காரன் அதை இனாமாகவா விட்டுவிட்டுப் போவான்? சர்க்கார் வரி என்ற பேச்சை எடுத்தாலே ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். முதலில் நாலணா என்பார்கள், பிறகு எட்டணா என்பார்கள், பிறகு வீட்டை அளக்க ஆள் அனுப்புவார்கள்...

ராமசாமி எழுந்தான். சரி, போர்டு வரி வேண்டாம் என்றான். பம்பை அழகருக்கு நேர்ந்து கோயிலுக்கு விட்டுவிடுவோம் என்றான். குழாய்க்கு மஞ்சள் துணி கட்டி, சந்தனம் வைத்து, சாமி துருத்தி என்று பெயர் வைத்துவிடுவோம். அதற்கு ஆகிற செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுவோம்.

தலைக்கட்டு வரி என்றால் உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரே கூடிப் போட்டுக்கொள்வது. கேட்டார்களோ இல்லையோ, சாவடியில் இருந்த அத்தனை முகமும் மலர்ந்துவிட்டது. நாலணா என்ன நாலணா, சாமி காரியத்துக்கு எட்டணாவாகவே இருக்கட்டும் என்றார், நெருப்பு வராத வருஷத்துக் காசைத் திருப்பிக் கேட்ட அந்தப் புத்திசாலி. பம்பை நேர்ந்து விடுகிற அன்று வாணவேடிக்கை வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அதற்கும் சேர்த்தே வசூல் என்று முடிவாயிற்று. கூரை வீடுகளுக்கு மேலே ராக்கெட் விடுவதற்குக் காசு உண்டு. அணைப்பதற்குத்தான் இத்தனை நாளும் இல்லாமல் இருந்தது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எப்படியோ பம்பு வந்தால் சரி என்று ராமசாமி முதுகில் தட்டினேன். கெட்டிக்காரன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வசூல். கோயில் வாசலில் பந்தல். தண்டோரா போட்டு, தலைக்கட்டு தலைக்கட்டாகப் பெயரைக் கூப்பிட, ஒவ்வொருவரும் வந்து தட்டில் காசு வைத்துத் திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. எல்லோரும் முடிந்து, அம்பலம் எழுந்திருக்கப் போகிற நேரத்தில் பந்தலுக்கு வெளியே பஞ்சவர்ணம் வந்து நின்றாள். முந்தானையிலிருந்து நாலணாவை அவிழ்த்தாள். இன்னொரு நாலணாவைக் கொடிக்கால் கூலி வந்ததும் தருவதாகச் சொன்னாள்.

அம்பலம் அவளைப் பார்த்தார். இதையும் அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இது கோயில் வரி பஞ்சவர்ணம். ஒங்க தெருவுக்குத் தலைக்கட்டுக் கெடையாதே. ஒங்கிட்ட வாங்குற வழக்கம் இல்ல. வச்சுக்க, மாயாண்டிக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு."

பின்னால் யாரோ, வரி இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்பம் சாமி... பம்பு எங்க தெருவுக்கு வருமா?"

தண்டோராக்காரன் தோல் தளர்ந்துவிட்டதென்று தன் பறையை வெயிலில் திருப்பி வைத்தான். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் காசை முந்தானையில் திரும்ப முடிந்துகொண்டு போய்விட்டாள்.

ராமசாமியைத் தனியாக இழுத்துப் பிடித்தேன். என்ன மாப்ள இது என்றேன். நெருப்பு எப்போதும் பிடிப்பது அந்தத் தெருவில். பம்பு தேவை அந்தத் தெருவுக்கு. நாலணா வரி போடும்போது அந்தத் தெருவும் கணக்கில் இருந்தது. நீ அதைச் சாமி கணக்குக்கு மாற்றினாய், தெருவே காணாமல் போய்விட்டது. நாளைக்கு அங்கே புகை வந்தால் மஞ்சள் துணி கட்டின பம்பை அங்கே கொண்டுபோவாயா?

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மொதல்ல பம்பு ஊருக்குள்ள வரட்டும் மச்சான். மத்ததை அப்புறம் பாப்போம்."

அப்புறம்! நம் ஊர்களில் எத்தனை தெருக்கள் இந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே குடியிருக்கின்றன.

வாசகர்களே, நானும் உங்களைப் போல வரியைத் திட்டுகிறவன்தான். நகரசபை நோட்டீஸ் வந்தால் என் வீட்டில் அன்று பூராவும் யாரும் என் எதிரே வர மாட்டார்கள். வரி என்பது சர்க்கார் நம் சட்டைப்பையில் கை விடுவது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்று கோயில் வாசலில்தான் தெரிந்தது. வரி கேட்கிறவன் உன்னை எண்ணுகிறான். நீயும் இந்த ஊரில் ஒரு வீடு என்று ஒப்புக்கொள்கிறான். சர்க்கார் வரிக்குத் தெரு தெரியாது, கூரையைப் பார்க்காது. ஏழையிடம் நாலணா பிடுங்குகிறார்களே என்று சாவடியில் உருகினார்கள் அல்லவா? அந்த ஏழை தானாகவே கொண்டுவந்தபோது அவள் காசைத் தொட மாட்டேன் என்றார்கள். எட்டணா கொடுத்தவர்கள் எல்லோருக்கும் மனசு குளிர்ந்திருக்கிறது, தர்மம் செய்துவிட்டோம் என்று.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். தீ அணைந்த பிறகு கீழத்தெருவுக்குக் கஞ்சி ஊற்றியவர் அம்பலம்தான். கிடுகும் மூங்கிலும் கொடுத்தவர் என் மாமனார். நெருப்பு முடிந்த பிறகு இரங்குவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் இல்லை. எனக்கு இதில்தான் அதிகக் கோபம். கெட்டவர்களாக இருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

சாயங்காலம் ரயிலுக்கு வந்தேன். வண்டியில் உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்கு வெளியே பஞ்சவர்ணம். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், நடந்தே வந்திருக்கிறாள். நாலணாவை நீட்டினாள்.

"நீங்க மருதைக்குப் போறீகள்ல. சர்க்கார்ல கட்டிருங்கய்யா. சீட்டுக்கூட வேணாம். எங்க தெருவும் அந்த ஊருலதான் இருக்குன்னு அவுகளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

இப்படி ஒரு வரி இப்போது கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். மாயாண்டி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். புதுக் கூரை போட்டாயிற்று, உள்ளேதான் படுத்திருக்கிறான் என்றாள். பாய்? அது எரிந்துவிட்டது, வேறு பாய்க்குக் கயிறு தைத்துவிட்டதாகச் சொன்னாள். வண்டி நகர்ந்தது.

திங்கட்கிழமை ஓர் ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை. அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார். உட்காரச் சொன்னார். அந்த ஊர் போர்டு தீர்மானம் போட்டால்தான் வரி உண்டு, தீர்மானம் இல்லாத வரியை வாங்குவதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினார். வேண்டுமானால் தர்ம உண்டியலில் போட்டுவிடுங்கள் என்றார். தர்மமா? அவள் தர்மம் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. வரி கட்ட வந்தாள். வெளியே வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வேறு ஓர் ஆபீஸ். அதே பதில், காபி மட்டும் உபரி.

வாணவேடிக்கைக்கு நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு மரியாதையாக அழைப்பு வந்திருக்கிறது. மஞ்சள் துணி கட்டிய பம்புக்கு முதல் ஆரத்தி நான்தான் எடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை என்கிற முறைக்கு. போகப் போவதில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். தீபாவளி வேட்டியும் போயிற்று. போகட்டும். ராமசாமிக்குத் தனியாக ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறேன் — அந்தப் பழைய தீர்மானத்தைத் திரும்ப போர்டில் வை, தோற்றால் தோற்கட்டும், எல்லா வீட்டுக்கும் நாலணா என்று கேள், அப்புறம் என் முகத்தில் விழி. பதில் வரவில்லை.

காசு மேஜை மேலேயே இருக்கிறது. மாயாண்டி புதுக் கிடுகுக்குக் கீழே, புதுப் பாயில், கயிற்று வளையங்களுக்கு நடுவில் படுத்திருக்கிறான்.

அக்கினி நட்சத்திரம் முடிய இன்னும் நாள் கிடக்கிறது.